ஒத்திகை இல்லாத நாடகம்

இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை ஐந்து மணி வரை நடக்கிற நாடகம் ஒன்று உண்டு. அதில் நடிப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள்கூட ஒத்திகை பார்த்தவர்கள் அல்ல. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து தம் தாயாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறார். பபூன், நாரதர், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்து சேருகிறார்கள். கொட்டகைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும்போது, "அண்ணே, உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று ஒருவர் கேட்பதும், மற்றவர் பதில் சொல்வதும்தான் அவர்களுக்குள் நடக்கிற முன்னேற்பாடு. பிறகு மேடைக்கு வந்து காதல் செய்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், கேள்வி கேட்டு மடக்குகிறார்கள், கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். விடிந்ததும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவரவர் பஸ்ஸில் ஏறி அவரவர் வழியே போய்விடுகிறார்கள்.

சென்னையில் சபாக்களுக்கு நாடகம் போடுகிற நண்பர்களிடம் இதைச் சொன்னால் அவர்களுக்குத் தலையைச் சுற்றும். இரண்டு மணி நேர நாடகத்துக்கு இரண்டு மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு, அப்படியும் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் ஒருவர் வசனப் புத்தகத்துடன் நின்றால்தான் அவர்களுக்குத் தைரியம். ஆனால் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரக் கிராமங்களில், கோயில் திருவிழாக் காலங்களில் இந்த அதிசயம் சர்வ சாதாரணமாக நடந்துகொண்டிருக்கிறது. 'ஸ்பெஷல் நாடகம்' என்று இதற்குப் பெயர். ஒரே கம்பெனியைச் சேராமல், தனித்தனியாக 'ஸ்பெஷல்' ஆக வரவழைக்கப்பட்டவர்கள் நடிப்பதால் வந்த பெயர் இது.

சென்ற வருஷம் சித்திரை மாதத்தில் புதுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், மாரியம்மன் திருவிழாவின்போது, 'வள்ளி திருமணம்' பார்க்க நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். என்னுடன் வந்தவர்களில் ஒருவர் மார்கழிக் கச்சேரிகளில் ஒன்றைக்கூடத் தவற விடாத சங்கீத ரசிகர். இன்னொருவர் பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எந்த நிகழ்ச்சியானாலும் முதலில் எப்போது முடியும் என்று விசாரித்துக்கொள்ளும் சுபாவமுடையவர். மூன்றாமவர் அவருடைய மனைவி. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. எனக்கு இந்த நாடகங்கள் புதியவை அல்ல. ஆனால் மூன்று விதமான காதுகளை உடன் அழைத்துப் போனதில் ஒரு லாபம் இருந்தது. ஒத்திகை இல்லாத இந்த நாடகத்தைக் கலைந்துபோகாமல் கட்டி நிறுத்துவது எது என்ற கேள்வியை இரவு முழுவதும் அவர்கள் என்னை விடாமல் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு என் பதிலைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம். ஒத்திகை இல்லை என்று சொன்னேனே, அது பாதி உண்மைதான். ஒத்திகை நடந்தது, ரொம்ப வருஷங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. 1867இல் பிறந்து 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள்தான் அந்த ஒத்திகையின் வாத்தியார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி என்று இன்றைக்கும் கிராமத்து மேடைகளில் நடக்கிற நாடகங்களில் பல அவர் எழுதியவை. 1918இல் மதுரையில் அவர் ஆசிரியராக இருந்து நடத்திய 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்ற பிள்ளைகள் கம்பெனியில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அந்தக் கம்பெனியில் பிள்ளைகளுக்குப் பாடம் ஏற்றிய விதத்தைப் பிற்காலத்தில் டி. கே. சண்முகம் தம் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். 'பாடம்' என்றால் வசனமும் பாட்டும் மட்டுமல்ல. எந்த இடத்தில் எந்தப் பாட்டு, அந்தப் பாட்டுக்கு எதிராளி எந்தப் பாட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது எல்லாம் சேர்ந்ததுதான் பாடம்.

பிள்ளைகள் கம்பெனிகளில் குரல் உடைந்த பிறகு வெளியேறிய இளைஞர்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள். ஆனால் ஒருவர் மனத்தில் இருந்த பாடம்தான் மற்றவர் மனத்திலும் இருந்தது. ஆகவே மதுரைக்காரரும் கும்பகோணத்துக்காரரும் எந்த மேடையில் சந்தித்தாலும், இவர் ஒரு பாட்டைத் தொடங்கினால் அவர் அடுத்ததைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. இரண்டு அந்நியர்கள் சீட்டாட உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஒத்திகையா தேவை? ஆட்டத்தின் விதி இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும். ஸ்பெஷல் நாடகத்தில் அந்த விதிதான் பாட்டு.

இதை நான் விளக்கியபோது எங்கள் சங்கீத ரசிகர் வேறு ஒரு சண்டையைக் கிளப்பினார். மேடையின் ஒரு பக்கத்தில் பெடல் ஆர்மோனியத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மிருதங்கம். அதற்கும் பக்கத்தில் இரண்டு மூன்று தினுசு மேளங்களையும் ஜால்ராவையும் வைத்துக்கொண்டு, இடி இடிப்பதிலிருந்து பபூனுக்கு விழும் அடி வரை எல்லாச் சத்தத்தையும் தாமே உண்டாக்கும் 'ஆல்ரவுண்ட்'காரர்.

"ஆர்மோனியத்தில் கமகம் பேசாதே, சார்!" என்றார் நண்பர். "ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் அது படி ஏறிக் குதிக்கிறதே! ரேடியோக்காரர்கள் சும்மாவா தள்ளி வைத்தார்கள்?"

அவர் சொன்னது உண்மைதான். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, ஏறக்குறைய 30 வருஷம் உள்ளே விடவில்லை. வானொலி நிலையத்தின் குளிர்ந்த அறையில் அந்தத் தீர்ப்பு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் திறந்த பொட்டலில், நாலாயிரம் பேருக்கு நடுவில், ஐஸ் விற்கிறவன் மணியடிக்க, குழந்தைகள் அழ, நடிகர் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே பாட வேண்டியிருக்கும்போது, தம்புராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே உரத்த, அசையாத சுருதி வேண்டும். அதைவிட முக்கியமான காரியம் ஒன்றையும் அந்த ஆர்மோனியக்காரர் செய்கிறார். எல்லாருடைய பாட்டையும் அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். ராஜபார்ட்டுக்குப் பின்பாட்டுப் பாடுகிறார். அவர் மூச்சு வாங்கினால் தாம் எடுத்துக்கொள்கிறார். புதிதாக வந்த நடிகர் அடி மறந்தால் முதல் வார்த்தையைக் கொடுக்கிறார். ஒத்திகை பார்க்காத நாடகத்துக்கு நடமாடும் புத்தகம் அவர்தான்.

சுருதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மேடையில் எல்லாரும் ஏன் இப்படி உச்சஸ்தாயியில் பாடுகிறார்கள் என்று பாங்கு நண்பர் கேட்டார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பிறந்த பழக்கம் அது. கடைசி வரிசையில் வண்டி மேல் உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை போய்ச் சேர வேண்டும் என்றால் குரல் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில், மறைந்துவிட்டார். ஆனாலும் அவருடைய மேல் ஸ்தாயியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ் ரசிகர் உண்டா? அவரும் கே. பி. சுந்தராம்பாளும் முருகனும் வள்ளியுமாக எதிரெதிரே நின்று பாடியதைக் கேட்க ஜனங்கள் திரண்டார்கள். அன்றைய மேடையில் ஒருவர் பாட்டு முடிகிற இடத்தில் மற்றவர் அதைவிட ஒரு படி மேலே ஏறித் தொடங்குவது வெறும் வித்தைக்காக அல்ல. அது ஒரு பதில். 'உன் கேள்வி எனக்குக் கேட்டது; என் பதிலையும் ஊர் கேட்கட்டும்' என்று அர்த்தம்.

நிற்க. இனி அன்று இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் எனக்குச் சந்தோஷம் தராத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கதை உடனே ஆரம்பிப்பதில்லை. முதலில் பபூன் வருகிறார். பாடுகிறார், தம்மைத் தாமே கேலி செய்துகொள்கிறார், ஊர்ப் பெரியவர்களை வணங்குகிறார், சில பழைய ஹாஸ்யங்களும் சில புதிய ஹாஸ்யங்களும் சொல்கிறார். அது வரையில் நன்றாகவே இருந்தது. பிறகு 'டான்ஸ்' வேஷத்தில் ஒரு பெண் வந்தாள். இருபது இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. சினிமாப் பாட்டுக்கு அவள் ஆடி முடித்ததும், பபூனுக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்தச் சண்டையின் ஹாஸ்யம் முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வந்தது: ஒரு பெண் ராத்திரி வேளையில் தனியாக வெளியே வந்து நாலு பேர் முன்னால் நிற்கிறாள், ஆகவே அவளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். முன்வரிசை வாலிபர்கள் விசில் அடித்தார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் பபூனின் வாய் இன்னும் ஒரு முழம் நீண்டது. செல்போன்கள் எல்லாம் உயரத் தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தன.

"இதென்ன நியாயம்? அந்தப் பெண்ணைப் பணம் கொடுத்து இவர்களே வரவழைக்கிறார்கள். பிறகு ஏன் வந்தாய் என்று இவர்களே கேலி செய்கிறார்களே!" என்றார் தமிழாசிரியை.

இதற்குச் சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. கிராமத்து ரசனை அப்படித்தான், அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான், ஜனங்கள் விரும்புகிறார்கள் என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் தங்களுக்குள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் காத்திருந்தது வேறு எதற்கோ என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஒரு மணிக்கு மேல் வள்ளி வந்தார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாள். பச்சைப் பட்டும் முத்துச் சரங்களும் அணிந்து, திரைக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டு மேடைக்கு வந்தபோது, அதுவரை சாய்ந்து கிடந்த கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததே. கச்சியப்பர் தம் கந்தபுராணத்தை வள்ளியின் கல்யாணத்தோடுதான் முடிக்கிறார். வேடர் தலைவனான நம்பிராஜன் மகள் தினைப்புனம் காக்கிறாள். நாரதர் அவளைப் பார்த்துவிட்டுப் போய் முருகனிடம் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். புராணத்தில் நாரதர் செய்கிற வேலை சொற்பம். ஸ்பெஷல் நாடகத்திலோ வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம்தான் இரவின் நடுநாயகம். தனியாகப் புனத்தில் நிற்கும் பெண்ணிடம் ஒரு முனிவர் வந்து கேள்வி கேட்கிறார். அவள் பதில் சொல்கிறாள். பிறகு அவள் கேட்கிறாள். முனிவர் பதில் சொல்ல வேண்டியதாகிறது. துறவிக்குத் தினைப்புனத்தில் என்ன வேலை என்பதில் தொடங்கி, இல்லறம் பெரிதா துறவறம் பெரிதா, ஆண் உயர்ந்தவனா பெண் உயர்ந்தவளா என்று தர்க்கம் எங்கெங்கோ போகும். நடிப்பவரின் கல்வியையும் அன்றைய உற்சாகத்தையும் பொறுத்து அரை மணியும் ஆகும். இரண்டு மணியும் ஆகும்.

இதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரவின் முற்பகுதியில் ஹாஸ்யத்துக்கு ஆதாரமாக இருந்த அதே விஷயம், பிற்பகுதியில் தலைகீழாகத் திரும்புகிறது. தனியாக வெளியில் நிற்கும் பெண் இங்கேயும் இருக்கிறாள். முன்பின் தெரியாத ஆண் இங்கேயும் வருகிறான். ஆனால் இந்தப் பெண்ணைக் கேலி செய்து வெல்ல முடியாது. பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி என்று சமமாக நின்றுதான் பேச வேண்டும். பபூன் போட்ட விதியை வள்ளி மாற்றுகிறாள். முதல் பகுதியைப் பார்த்துவிட்டு எழுந்து போய், 'ஆபாசம்' என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அந்த மாற்றத்தைக் காண்பதே இல்லை.

அன்றைக்கு அந்த மாற்றம் நடக்காமலே போயிருக்கும். நாரதராக வந்தவர் சின்ன வயதுக்காரர். நல்ல குரல், நல்ல தோற்றம். ஆனால் பாடம் போதவில்லை. வள்ளி மூன்றாவது பாட்டில் ஒரு கேள்வியை வைத்து நிறுத்தினார். அதற்குப் பதிலான பாட்டு இளைஞருக்கு வரவில்லை. ஒரு கணம் விழித்தார். பிறகு எது சுலபமோ அதைச் செய்தார். "இம்புட்டு அலங்காரமும் பறவைங்களுக்காகவா?" என்று ஆரம்பித்து, இரண்டு மணி நேரத்துக்கு முன் பபூன் விட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் விசில் பறந்தது. அந்த விசிலில் அவருக்குத் தெம்பு வந்தது. அடுத்த வார்த்தை இன்னும் கீழே இறங்கிற்று.

எங்களுக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி தமிழாசிரியையின் பக்கம் திரும்பினாள். "பாட்டு வரலேன்னா வாய் நீளுது, பாத்தியா ஆத்தா?" என்றாள்.

நான் சொல்ல நினைத்த விமரிசனத்தை அந்தக் கிழவி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

வள்ளி பதில் பேசவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. கவணைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்மோனியத்தின் பக்கம் நடந்து போய் நின்றார். பெரியவர் இளைஞரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், விட்டுப்போன பாட்டின் எடுப்பைத் தாமே பாடினார். ஒரு வரிதான். மிருதங்கம் உடனே சேர்ந்துகொண்டது. இளைஞருக்கு வேறு வழி இல்லை. இரண்டாவது அடியைப் பிடித்தார். பிடித்த பிறகு ஞாபகம் வந்தது. மூன்றாவது அடிக்குள் அவருடைய குரலும் வந்துவிட்டது. விசிலடித்தவர்கள் தாமாகவே அடங்கிவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் வள்ளி கையைக் கூப்பி, "சுவாமி, இப்போதுதான் தாங்கள் நாரதராக வந்தீர்கள். இனிமேல் பேசலாம்" என்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வசனம் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

எங்கள் சங்கீத ரசிகர் அதற்குப் பிறகு கமகத்தைப் பற்றிப் பேசவில்லை. பாங்கு நண்பர் மூன்று மணிக்குப் பிறகு கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மறுநாள் காரில் திரும்பும்போது இருவரும் பழையபடி சண்டை போட்டார்கள். ஆனால் தர்க்கம் நடந்த அந்த ஒரு மணி நேரம் அவர்களும் கூட்டத்தோடு கூட்டமாக, அடுத்த பதில் என்ன என்று காத்திருந்தார்கள். சங்கீத ரசனைக்கு அதைக் காட்டிலும் வேறு என்ன வேண்டும்?

இந்தத் தர்க்க மேடையில் இடம் இருந்ததனால்தான் ஒரு காலத்தில் தேசமே அதில் ஏறி நிற்க முடிந்தது. 1886இல் சிவகாசியில் பிறந்த எஸ். எஸ். விஸ்வநாத தாஸ் என்ற நடிகர், வள்ளி பறவை ஓட்டுகிற கட்டத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினால், அது எந்த வெள்ளை என்று கூட்டத்துக்குத் தெரியும், போலீஸ்காரருக்கும் தெரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்ற கவிகள் இத்தகைய மேடைகளுக்குத் தேசியப் பாட்டுகள் எழுதிக் கொடுத்தார்கள். பாடியதற்காகத் தாஸ் பல தடவை சிறைக்குப் போனார். 1940ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி, சென்னை ராயல் தியேட்டரில், இதே வள்ளி திருமணத்தில், முருகன் வேஷத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. எழுதி, அச்சடித்து, ஒத்திகை பார்த்து முடித்த நாடகமாக இருந்தால் அதைத் தடை செய்வது சர்க்காருக்குச் சுலபம். எந்த இரவில் எந்தப் பாட்டு வரும் என்று நடிகருக்கே நிச்சயமாகத் தெரியாத நாடகத்தை எப்படித் தடை செய்வது?

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு மூலதனம் பாட்டுதான். தாஸுக்குப் பழைய பாடம் முழுவதும் கைவசம் இருந்தது. ஆகவே அதற்குள் புதிய பொருளை வைக்க முடிந்தது. கைவசம் ஒன்றுமே இல்லாதவனுக்குச் சுதந்திரம் கொடுத்தால் அவன் அன்றைய நாரதரைப் போல விசிலைத்தான் தேடிப் போவான்.

சினிமா மெட்டுகள் வந்துதான் நாடகம் கெட்டது என்று ஒரு கட்சி இருக்கிறது. அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ் நாடக மேடை எப்போதும் கடன் வாங்கித்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறது. பார்ஸி கம்பெனிகள் வந்து போனால் அவர்களுடைய ஹிந்துஸ்தானி மெட்டு மேடைக்கு வந்துவிடும். 1931இல் பேசும் படம் வந்தது, 1933இல் டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த 'வள்ளி திருமணம்' படமாயிற்று. 1934இல் தியாகராஜ பாகவதர் தாம் மேடையில் நடித்துக்கொண்டிருந்த 'பவளக்கொடி'யில் திரைக்குப் போனார். சினிமா முதலில் நாடகத்திடம் வாங்கிற்று; இப்போது நாடகம் சினிமாவிடம் வாங்குகிறது. மெட்டு எங்கிருந்து வந்தாலும் பாதகமில்லை. அந்தப் பாட்டு எதிரே நிற்பவரை ஏதாவது கேட்கிறதா, எதிரே நிற்பவருக்கு ஏதாவது பதில் சொல்கிறதா என்பதுதான் கேள்வி. டான்ஸ் பெண் ஆடிய பாட்டு யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் அவள் ஆடி முடித்ததும் பேச்சைப் பபூன் பறித்துக்கொண்டார். அவளுக்கும் தர்க்கத்துக்கு ஒரு பாட்டைக் கொடுத்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் வேறு மாதிரி இருந்திருக்கும். அவள் குரலில் குறை இல்லை. நான் கேட்டேன்.

இங்கே நம்முடைய பங்கையும் பேச வேண்டும். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய நாளிலிருந்து, படித்தவர்களின் நாடகம் ஒரு வழியாகவும் மற்றவர்களின் நாடகம் ஒரு வழியாகவும் போகத் தொடங்கின. முதலியார் செய்தது பெரிய காரியம். நாடகக்காரர் என்றால் தலை குனிய வேண்டியதில்லை என்று ஆக்கினார். ஆனால் நாம் கௌரவத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபோது பாட்டை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்வரிசை விசிலை மட்டுமே கேட்டு நாடகம் நடத்தும்படி ஒரு கலையை விட்டுவிட்டு, அது விசிலுக்கு இறங்கிவிட்டதே என்று வருத்தப்படுவது நியாயமல்ல.

பிள்ளைகள் கம்பெனிகள் இப்போது இல்லை. அந்தப் பாடம் இன்று ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சில பெரியவர்களிடமும், நாற்பது ஐம்பது வயது வள்ளிகளிடமும்தான் இருக்கிறது. சுவாமிகளின் நாடகங்களைப் புத்தகமாக வாங்கலாம். மெட்டையும் எதிர்ப்பாட்டையும் புத்தகத்தில் வாங்க முடியாது. நம் சபாக்களும் இசைக் கல்லூரிகளும் பட்டங்கள் கொடுத்து ஓய்ந்த நேரத்தில், இந்தப் பெரியவர்கள் நாலைந்து பேரை அழைத்து உட்கார வைத்து, இருபது வயது நாரதர்களுக்கும் டான்ஸ் பெண்களுக்கும் பாடம் ஏற்றச் சம்பளம் கொடுத்தால், பொன்னாடை போர்த்துவதைவிட அது ஆயிரம் மடங்கு பிரயோசனம்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துப் பஸ் நிலையச் சுவர்களிலும் டீக்கடைக் கதவுகளிலும் வட்ட வட்டமாக நடிகர்களின் படம் போட்ட நோட்டீஸ்களைப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. உட்கார ஒரு சாக்கு, ஒரு பாட்டில் தண்ணீர், விடியற்காலைப் பனிக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போங்கள். பபூனைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். வள்ளி பாட்டில் ஒரு கேள்வியை வைத்து நிறுத்தும்போது, விசிலடிக்காமல் பதிலுக்குக் காத்திருக்கிற நாலு பேர் கூட்டத்தில் கூடுதலாக இருந்தால், மேடையில் நிற்பவருக்கு அது தெரியாமல் போகாது.